காது பார்க்கும் நாள்

தறிக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. எட்டிப் பார்த்தால்தான் தெரியும். இருவரும் எதிரெதிரே நின்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார்கள். கை பேசும், புருவம் பேசும், சத்தம் மட்டும் வராது. நடுவில் ஒரு பாத்திரம் விழுந்தால் அப்போதுதான் ஓகோ, விஷயம் முற்றிவிட்டது என்று நமக்குப் புரியும்.

வேறு வழியில்லை. ஒரே கூரையின் கீழ் அத்தனை தறிகள் அடித்துக்கொள்ளும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்கிறவனுக்கு எட்டாது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிற பழக்கம் எல்லோருக்கும் வந்துவிடும். உதட்டுப் பேச்சு என்று அதற்குப் பெயர். கூடத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் இருப்பவளிடம் பிள்ளைக்கு ஜுரம் விட்டதா என்று கேட்கலாம். மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் அவருடைய வழுக்கையைப் பற்றி விரிவாக விவாதிக்கலாம். பழக்கம் அப்படியே வீட்டுக்கும் கூட வந்துவிடும். சங்கு என்கிற தறிக்காரனின் மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், டீச்சர் கேட்ட கேள்விக்கெல்லாம் வாயை மட்டும் அசைத்துப் பதில் சொல்லியிருக்கிறாள். ஊமைப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள் என்று டீச்சர் ஆள் அனுப்பிவிட்டார். அவள் அம்மா போய், ஐயோ, அவள் வாயாடி டீச்சர் என்று விளக்க வேண்டியிருந்தது.

சங்கு என்பது, மில் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் இருக்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர். ஷிப்டுக்கு மில்லில் ஊதுகிற சங்கு. வாலிபத்தில் தறிக்கு வந்தவனுக்கு, தலை நரைப்பதற்குள் காது இரண்டும் போய்விட்டது. தன் குரல் தனக்கே கேட்காததால், எவ்வளவு உயர்த்துகிறோம், எவ்வளவு தாழ்த்துகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. அவன் கிசுகிசுத்தால் தெருமுனையில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

ஆபத்து மணி கேட்காதவனைத் தறியில் வைத்திருக்கக் கூடாது என்று மில்லில் ஒரு விதி இருந்தது. காதைப் பிடுங்கிக்கொண்டதும் அந்தத் தறி, காதில்லாதவனுக்கு இங்கே வேலையில்லை என்று சொல்வதும் அந்த இடம். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? நல்ல தறிக்காரன் கிடைப்பது கஷ்டம் என்பதால் மேஸ்திரிகள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள். அந்த விதி கொக்கியில் மாட்டிய சட்டை போலத் தொங்கிக்கொண்டிருந்தது. வேண்டியபோது எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. மில்லுக்குள் நூல் அறுந்துவிடாமல் இருக்க எப்போதும் நீராவி விடுவார்கள், உள்ளே புழுங்கும். ஷிப்டு முடிந்து வியர்வையோடு வெளியே வந்தால் குளிர்காற்றும் தூறலும். பாதிப் பேருக்கு இருமல். இந்த லட்சணத்தில்தான், ஆளுக்கு இரண்டு தறி பார்த்தவர்களை இனி நான்கு பார்க்கச் சொன்னார்கள். நான்கு தறிக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கு எந்த நாடா எப்போது தெறிக்கும் என்று பார்க்க ஏது நேரம்? இரும்பு முனை வைத்த அந்த நாடா, நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடுகிற கட்டை, ஒரு நாள் தறியை விட்டுப் பறந்து ஒருத்தர் கண்ணில் இறங்கியது. தரையில் ரத்தம் காய்வதற்குள் அவர் தறியில் வேறு ஆளை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஃபிட்டர் பேச ஆரம்பித்தான். சங்கின் மச்சினன், அவன் மனைவிக்கு ஒரே தம்பி. தறி பழுது பார்க்கிறவன் என்பதால் கூடம் முழுக்க ஸ்பானரோடு சுற்றிவர அவனுக்கு மட்டும் உரிமை உண்டு. தறிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொள்வான். அவன் உதடு அந்தத் தறிக்காரனுக்கு மட்டும் தெரியும். மேலே நிற்கிறவன் நூலைப் பார்க்கிற மாதிரி குனிந்து கீழே பார்ப்பான். இப்படி ஒவ்வொரு தறியாகச் சங்கம் வளர்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஓரிடத்தில் கூடுவது என்று முடிவாகியிருந்தது.

சங்கின் மனைவிக்கு அதே மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை. முதல் ஷிப்டு முடிந்து வந்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"உன் வீட்டுக்காரர் வந்துட்டாரா?"

"இன்னும் வரலையே. ஏங்க்கா இப்படி மூச்சு வாங்குது?"

"கதவ முதல்ல சாத்து." சாத்திய பிறகும் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "டீக்கடையில ஊதிட்டாருடி."

"என்னத்த?"

"எல்லாத்தையும். புதுசா ஒருத்தன் தறிக்கு வந்திருக்கான்ல, தச்சு வேலை பார்த்துட்டு இருந்தவன், அவனுக்கு உதட்டுப் பேச்சு இன்னும் பிடிபடல. அதனால இவரு அவன் காதுக்கிட்ட போயி ரகசியம் சொல்றாராம். 'ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாயப்பட்டறைக்குப் பின்னாடி வந்துடு. என் மச்சினன் ஃபிட்டர்தான் எல்லாம் பார்த்துக்கறான். யாருகிட்டயும் மூச்சு விடாத.' கடை பூரா கேட்டுச்சு. டீ ஆத்திட்டு இருந்தவன் அப்படியே நிறுத்திட்டான்."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரெல்லாம் இருந்தாங்க?"

"மேஸ்திரி இருந்தாரு. பெஞ்சுல உக்காந்து பன்னு தின்னுட்டு இருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லல. திரும்பிக்கூடப் பார்க்கல. மீதிப் பன்ன டீயில முக்கித் தின்னுட்டு எழுந்து போயிட்டாரு. அதான்டி எனக்குப் பயமா இருக்கு. ஒரு தடவை முறைச்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பியின் முகம் நினைவுக்கு வரவில்லை. மாறாக அவன் முதுகுதான் வந்தது, சின்ன வயதில் அவள் தேய்த்துக் குளிப்பாட்டிய முதுகு. அடி விழுந்தால் முதலில் அங்கேதான் விழும்.

சங்கு நனைந்துகொண்டு வந்தான். மகளுக்குக் காகிதத்தில் சுற்றிய பன் ஒன்று. நல்ல சந்தோஷத்தில் இருந்தான். புதியவனைச் சேர்த்துவிட்ட சந்தோஷம். தலையைத் துவட்டிக்கொண்டே மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் உதடுகள் அசைந்தன. கொஞ்சமாகத்தான் அசைந்தன. சொல்லி முடித்ததும் அவன் கையில் துண்டு அப்படியே நின்றது.

"நான் மெதுவாத்தானே சொன்னேன்!"

அது மூன்று வீடு தள்ளிக் கேட்டது. மகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா விரலை உதட்டில் வைத்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கதவைத் தட்டி இரவல் சுத்தியல் கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடத் தலையை மட்டும் ஆட்டினான். தன் தொண்டையையே அவன் நம்பவில்லை.

தம்பி வீட்டுப் பக்கம் வரவில்லை. எதிர்வீட்டு அக்கா மூலம் சேதி மட்டும் வந்தது. இடத்தை மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று தன் அக்காவுக்கு இப்போது தெரிய வேண்டாமாம், ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து கூப்பிடுமாம்.

"மாமா மேல கோவமில்லைன்னு சொல்லச் சொன்னான்," என்றாள் எதிர்வீட்டு அக்கா. "அத ரெண்டு தடவை சொன்னான்."

அடுத்த நாள் ஷிப்டு விட்டதும் மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, அந்த வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்து மகளின் பள்ளிக்கூடச் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தான். இருவரும் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்துத் தறி. ஒருத்தன் சாப்பிடப் போனால் மற்றவன் இரண்டு பேர் தறியையும் பார்த்துக்கொள்வான்.

"டீ பிரமாதம் தங்கச்சி," என்றார் மேஸ்திரி, சங்குக்கும் தெரிகிற மாதிரி வாயைத் திறந்து. பிறகு தம்ளரை உதட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். குடிக்கவில்லை. தம்ளருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "திங்கக்கிழமை டாக்டர் வர்றாரு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவரும் தறியில் கிடந்து வந்தவர்தானே. புருஷன் அதே அறையில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க, அவனைப் பற்றிய பேச்சு அவனுக்கு எட்டாமல் நடக்கப்போகிறது.

"எந்த டாக்டர்ண்ணே?"

"காது பாக்கற டாக்டர். தறிக்கூடத்துல ஒவ்வொருத்தனுக்கும் பாக்கணுமாம், மேலருந்து உத்தரவு. உதட்டப் பாத்துடக் கூடாதுன்னு செவுத்தப் பாத்து நிக்க வெச்சு, பின்னாடி இருந்து சின்ன மணி அடிப்பாரு. கேட்டா கையத் தூக்கணும். தூக்கலன்னா கணக்கு முடிஞ்சுது. வேலையும் இல்ல, வீடும் இல்ல. நீங்க நூல் சுத்தற ரூம் செவுருதான். சுண்ணாம்புக் கோடுகூடப் போட்டாச்சு."

தம்ளரை இறக்கி ஒரு வாய் குடித்தார். "மழை விட மாட்டேங்குதுடா!" என்று சங்கைப் பார்த்து வாய் நிறையச் சொன்னார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். மறுபடி தம்ளர் மேலே போனது.

"உன் தம்பி எடத்த மாத்திட்டான். எங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லு. இவன் பேரு டாக்டர்கிட்ட போற வரிசையில வராம நான் பாத்துக்கறேன்."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியும்னு நான் சொல்லலியே. தெரிஞ்சுக்கோன்னு சொல்றேன்."

"என் தம்பிய என்ன செய்வீங்க?" கேட்ட பிறகுதான், தன் உதடு திறந்து கிடக்கிறது, கட்டிலில் இருந்து பார்த்தால் தெரியும் என்று அவளுக்கு உறைத்தது. அடுப்பைக் கிளறுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"நான் என்ன செய்யப்போறேன்? நான் போய்ச் சொல்லுவேன். செய்யறவங்க வேற. போன வருஷம் சக்கரப் பட்டறையில ஒருத்தன் இப்படித்தான் ஆளுங்களச் சேத்தான். இப்ப அவனுக்குப் பொண்டாட்டிதான் ஊட்டி விடறா." தம்ளர் சாய்ந்தது. டீ சட்டையில் சிந்தியது. "எனக்கு மட்டும் இது ஆசையா? டீக்கடையில எனக்குக் கேக்காத மாதிரிதான் உக்காந்திருந்தேன். ஆனா அங்க இருந்த வேற எவனோ போய்ச் சொல்லிட்டான். 'நீயும் அங்கதானே இருந்தே, ஏன் வந்து சொல்லல'ன்னு என்னக் கூப்புட்டுக் கேக்கறாங்க. எனக்கும் புள்ளைங்க இருக்கு தங்கச்சி. ஞாயித்துக்கிழமை காலையில நான் டீக்கடையில இருப்பேன்."

போகும்போது சங்கின் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலில் பழைய அன்பு நிஜமாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கதவு சாத்தியதும் சங்கு செருப்பைக் கீழே வைத்தான். உதடு மட்டும் அசைந்தது.

"டாக்டர் எதுக்கு?"

அவள் சொன்னாள். மறைக்கத் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள், ஊட்டி விடுகிற பெண்டாட்டி வரைக்கும்.

அவன் கேட்டான். "எடம் தெரிஞ்சா சொல்லிடுவியா?"

"தெரியாதே."

"தெரிஞ்சா?"

அவள் உருளைக்கிழங்கின் தோலை உரிக்கப் போய்விட்டாள். போன மழையில் கோடி வீட்டுக்காரர்களைக் காலி செய்ததை லைனில் எல்லோரும்தான் பார்த்தார்கள். கட்டிலையும் பாத்திரத்தையும் தெருவில் தூக்கி வைத்துவிட்டுப் பூட்டுப் போட்டார்கள். அந்த வீட்டுக் குழந்தை நனைகிற கட்டிலில் ஏறி உட்கார்ந்து குதித்து விளையாடியது. அந்தக் கட்டில் இப்போது அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்போமோ என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்று உடனே சொல்ல முடியவில்லை. தன் மனசைப் பார்த்தே அவள் பயந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடைப் பக்கம் அவள் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. மத்தியானம் எதிர்வீட்டு அக்கா, கடைக்குப் போகிறவள் மாதிரி ஒரு கூடையோடு வந்து நின்றாள்.

"கிளம்புங்க. ரெண்டு பேரும் தனித்தனியா என் பின்னாடி வாங்க."

"இல்லக்கா, அவருக்கு ஜுரம்."

அக்கா எட்டிப் பார்த்தாள். ஜுரக்காரன் சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தான். அக்கா கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த சண்டையை லைனில் ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் தாழ்ப்பாளைப் போட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"போட்டு உடைச்சது நான். நான் போகலன்னா எப்படி? அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"உங்க பின்னாடியே ஆள் வரும். நீங்களே வழி காட்டிக் கூட்டிட்டுப் போகப்போறீங்களா?"

"வந்தா எனக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? காலடிச் சத்தம் கேக்குமா உங்களுக்கு?"

சொல்லியிருக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவனோடு பேச வழியே கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

அவள் கதவிலேயே நின்றாள். தெருவில் யாரோ ஓடினார்கள். தூரத்தில் விசில் சத்தம். பிறகு பார்த்தால் பந்து விளையாடுகிற பிள்ளைகள். சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா திரும்பி வந்தபோது இவள் வாசலுக்கு ஓடினாள்.

"என்னக்கா ஆச்சு?"

"நடந்துச்சு."

"தம்பி?"

"நல்லாத்தான் இருக்கான்." அதற்கு மேல் அக்கா நிற்கவில்லை. கூட்டத்துக்கு வராதவளிடம் கூட்டத்தில் பேசியதைச் சொல்ல மாட்டாள். நியாயம்தான். ஆனாலும் அந்தக் கதவு சாத்தியபோது இவளுக்கு அழுகை வந்துவிட்டது.

இனி யாரும் இல்லை, நம்மை நாம்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்போதுதான் ஜன்னல் நினைவுக்கு வந்தது. போய்ப் புருஷனைத் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"எங்க ரூம் செவுத்தப் பாத்துத்தான் நிக்க வெக்கறாங்க. கம்பி வலை ஜன்னல் இருக்கு. வெளிச்சத்துல நிக்கற டாக்டருக்கு உள்ள இருக்கற நாங்க தெரிய மாட்டோம். ஆனா கிட்ட நிக்கற உங்களுக்கு நான் தெரிவேன். மணி அடிச்சதும் 'ஆச்சு'ன்னு சொல்றேன். கையத் தூக்குங்க."

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு மெல்லத் தலையாட்டினான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒத்திகை பார்த்தார்கள். மகள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கரண்டியால் தம்ளரில் தட்டினாள். எதிரே நின்ற அவள் வாயசைத்தாள். அவன் கையைத் தூக்கினான்.

"பொசுக்குன்னு தூக்காதீங்க. கேட்ட மாதிரி இருக்கணும். ஒரு மூச்சு விட்டுட்டுத் தூக்குங்க."

மகளுக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது. தட்டாமலேயே தட்டியதாகச் சொல்லி அப்பாவை ஏமாற்றப் பார்த்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவளுக்குக் குளிர் எடுத்தது.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. தறிகளை வரிசை வரிசையாக நிறுத்தி ஆட்களை முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வரிசை நிற்க நிற்க, தரையில் எப்போதும் இருக்கும் அதிர்வு குறைந்துகொண்டே வந்தது. நூல் சுற்றும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு ஜன்னலில் நெருக்கியடித்து நின்றார்கள். கம்பி வலை முழுக்கப் பஞ்சு. அவள் ஊதித் துடைத்து முகம் தெரிகிற அகலத்துக்கு வழி செய்துகொண்டாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. கையில் மேஜை மணி மாதிரி ஒன்று. பக்கத்தில் மேஸ்திரி நின்று ஆட்களைக் கூப்பிட்டார். தறிக்கூடத்து வாசலில் அவள் தம்பி நின்றுகொண்டிருந்தான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு காவல்காரன். பிடித்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒட்டி நின்றார்கள். அவனை எப்படிக் கொண்டுபோவது என்பது இந்த முற்றத்தில் நடக்கப்போவதைப் பொறுத்தது போல் காத்திருந்தார்கள்.

முதல் ஆள், போன மாதம் கல்யாணமான தறிக்காரன். தறி ஓடும்போதே எந்த இடத்தில் நூல் அறுந்தது என்று காதாலேயே சொல்லிவிடுவான். அப்படி ஒரு காது. சுண்ணாம்புக் கோட்டில் வந்து சுவரைப் பார்த்து நின்றான். டாக்டர் மணியை அடித்தார். ஜன்னலில் இருந்த அத்தனை பெண்களுக்கும் கணீரென்று கேட்டது.

அவன் கை எழவில்லை.

அவளுக்கு அவன் முகம் நேராகத் தெரிந்தது. மணிச் சத்தத்துக்கு இமை துடித்தது. மறுபடி மணி. கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது.

"அந்தப் பக்கம்," என்றார் டாக்டர்.

அடுத்து வந்தவன் டீக்கடையில் ரகசியம் கேட்ட புதியவன். தறிக்கு வந்தே கொஞ்ச நாள்தான், காது போக நேரமே இல்லை. அவனும் தூக்கவில்லை. அதற்கடுத்தவரும் தூக்கவில்லை. டாக்டர் மணியைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓங்கி அடித்தார்.

அவள் பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு அக்காவின் கையைப் பிடித்தாள். "என்னக்கா இது?"

"நேத்துப் பேசினது. காது போனவன மட்டும் பிரிச்சு எடுக்க முடியாதபடி யாருமே தூக்கறதில்லைன்னு."

"எல்லாருமா?"

"எல்லாரும்னுதான் பேச்சு. ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியாது. ஜுரம்னு வீட்ல இருந்துட்டாங்க."

"எல்லாரையும் அனுப்பிட்டா என்னக்கா பண்றது?"

"அனுப்பட்டும். அப்புறம் டாக்டரும் மேஸ்திரியுமா தறி ஓட்டட்டும்." வீராப்பாகத்தான் சொன்னாள். ஆனால் கம்பி வலையை விட்டு அவள் கையை எடுக்கவில்லை.

"கேட்டா கையத் தூக்குங்கடா!" மேஸ்திரி கத்தினார். குரல் உடைந்தது. "தூக்கலன்னா இன்னைக்கே வீடு காலி. புள்ளகுட்டிய நினைச்சுப் பாருங்க!"

வாசலில் காவல்காரன் ஒருவன் அவள் தம்பியின் தோள்மேல் கையை வைத்தான்.

யாராவது ஒருத்தன் தூக்கிவிட மாட்டானா என்று அவள் மனசு தவித்தது. ஒருத்தன் தூக்கினால் போதும், இரண்டாவது ஆளாகத் தன் புருஷன் தூக்கிவிடலாம். யாருக்கும் பாவம் சேராது. பெரிய குடும்பஸ்தர் ஒருவர் வந்தார், அவர் நிச்சயம் தூக்குவார் என்று பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. கை எழவில்லை.

பிறகு சங்கு வந்து கோட்டில் நின்றான்.

அவன் கண் ஜன்னலில் தேடியது. பஞ்சு துடைத்த இடத்தில் அவள் முகத்தைக் கண்டுபிடித்தது. பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியாது என்பதால் அவன் உதடு தாராளமாக அசைந்தது.

"யாருமே தூக்கலையே. மணி அடிக்கறாங்களா இல்லையா?"

ஆச்சு என்று ஒரு வார்த்தை. வேலை நிற்கும், வீடு நிற்கும், மகள் காய்ந்த கட்டிலில் தூங்குவாள். ஆனால் நிஜமாகவே காது கேட்காதவன் ஒருத்தன்தான் இந்த முற்றத்தில் கேட்கிறது என்று கை தூக்கியிருப்பான். அந்த ஒரு கையோடு மற்ற எல்லோரும் பொய்யர்கள் ஆகிவிடுவார்கள். வாசலில் நிற்கிறவனைக் காவல்காரர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள்.

மணி அடித்தது.

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். தூக்குவதற்காக விரல்கள் விரிந்துவிட்டன. ஜன்னலில் ஒரு பெண்ணும் மூச்சு விடவில்லை.

"அடிச்சுட்டாங்க," என்றாள் அவள், உதட்டால். "தூக்காதீங்க."

அவன் புருவம் சுருங்கியது. அவள் இன்னும் நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல வாயைத் திறந்து சொன்னாள்: "எல்லாருக்கும் கேக்குது. யாரும் தூக்கல. நேத்து முடிவு பண்ணியிருக்காங்க. பயமா இருக்குங்க. ஆனா தூக்காதீங்க."

இரண்டாவது மணி. "இப்ப அடிச்சாங்க," என்றாள்.

அவன் விரித்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டான். மணி அடித்தது தெரிந்து, கையைத் தூக்கினால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதும் தெரிந்து, முன்னால் வந்தவர்கள் எல்லோரையும் போலவே கையைக் கீழே வைத்துக்கொண்டு நின்றான். அவள் கண்ணிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. அவன் முகத்திலும் பயம்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை.

"அந்தப் பக்கம்," என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. அவருக்கும் ஏதோ ஆகிவிட்டிருந்தது. சங்குக்கு அது கேட்கவில்லை. அவள் உதட்டைப் பார்த்துத்தான் நகர்ந்தான்.

அந்தப் பக்கம் ஏற்கெனவே நிற்க இடமில்லை. சுவர் ஓரத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இந்தப் பக்கம் கேட்கிறவர்களுக்காகப் போட்டு வைத்திருந்த பெஞ்சு காலியாகக் கிடந்தது. அவன் தயங்கி நின்றதைப் பார்த்ததும், போன மாதம் கல்யாணமானவன் கொஞ்சம் தள்ளி நின்றான். அவனைப் பார்த்து அடுத்தவரும் தள்ளி நின்றார். அந்த இடைவெளியில் சங்கு போய் நின்றுகொண்டான்.

மேஸ்திரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.